தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

மிக்கேலம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். தங்கச்சிமடத்து வடகரையில் இது தெரியாதவர்கள் கிடையாது. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் சத்தமாகப் பேரம் பேசினால் வாங்குகிறவர்கள் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். குரல் தணிந்துவிட்டால் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அவள் புருஷன் சூசைமுத்து அந்தக் குரலைக் கல்யாணமான புதிதில் ஒரு தடவை கேட்டாராம். எதற்காக என்று இரண்டு பேரும் யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த தடவை கேட்டது அறுபத்திரண்டாம் வருஷம் ஆனி மாதத்தில். அது ஊருக்கே தெரியும்.

மிக்கேலம்மாள் பிறந்தது பாம்பன். வெள்ளைக்காரன் போன வருஷம் கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்தாள் என்றுதான் அவள் கணக்குச் சொல்வாள். வந்த வீட்டில் எல்லாம் இருந்தது. சொந்த வள்ளம், கொழுந்தன் கில்பர்ட், கொல்லையில் உப்புக் கரிக்காத கிணறு. கிணற்றுக்குப் பக்கத்தில் குளிக்கிற மறைப்பு. மூன்று பக்கம் பனையோலைத் தட்டி, நுழைகிற பக்கம் படுதா. படுதா என்றால் வள்ளத்தில் கட்டிக் கிழிந்து கழித்த பாய்த் துணி. அந்தக் கரையில் எல்லா வீட்டுப் பெண்களும் கழித்த பாய்க்குப் பின்னால்தான் குளித்தார்கள்.

அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. கடலில் பாய் கிழிந்தால் புதுத் துணியால் ஒட்டுப் போட மாட்டார்கள். பழையதில் புதியதைத் தைத்தால் காற்று தையலோடு பிய்த்துக்கொண்டு போகும். பழைய பாய்க்கு இன்னொரு பழைய பாய்தான் ஒட்டு. அதனால் வள்ளத்துப் பாய் கிழியும்போதெல்லாம் குளிக்கிற மறைப்பிலிருந்து ஒரு துண்டு போகும். கணுக்கால் வரை தொங்கிய படுதா முழங்காலுக்கு ஏறும், பிறகு அதற்கும் மேலே ஏறும். அடுத்த பாயைக் கழிக்கும்வரை அப்படித்தான்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நிலைமை இன்னும் மோசம். மறைப்பின் வாசல் மேற்கே பார்த்தது, காற்றும் மேற்கேயிருந்துதான் வரும். கொல்லைக்குப் பின்னால் ரயில் பாதைக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. மிக்கேலம்மாள் ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வாள். முதுகு தேய்ப்பது என்பது காற்று நின்ற நாளில் செய்கிற காரியம்.

கதவு என்ற நினைப்பு அவளுக்குப் பாம்பனில் வந்தது. அங்கே மெஹருன்னிசா வீட்டுக்கு அவள் வாடிக்கையாக மீன் போடுவாள். புருஷன் கொழும்பு வியாபாரத்தில் இருந்த வீடு. ஒரு நாள் வழியில் கூடை சரிந்து, மீன் தண்ணீர் தலையோடு வடிந்து நின்றவளைப் பார்த்து மெஹருன்னிசா, "இந்தக் கோலத்துல எப்படிப் போவே? உள்ள போயி ரெண்டு செம்பு ஊத்திக்கிட்டு வா" என்றாள்.

கல் சுவர் வைத்த அறை. மரக்கதவு. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள் மிக்கேலம்மாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியேயிருந்து மெஹருன்னிசாவின் குரல் வந்தது.

"என்னடி, தண்ணிச் சத்தத்தையே காணோம்?"

"நிக்கிறேன் நாச்சியா."

"நின்னா நாத்தம் போயிருமா?"

"இல்ல நாச்சியா. ரெண்டு கையும் சும்மா இருக்கு. அதான்."

அன்று சாயங்காலமே சூசைமுத்துவிடம் கேட்டாள். அவர் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கதவா? குளிக்கிற எடத்துக்கா? உள்ள என்ன, பவுனு காய்ச்சுத் தொங்குதா?"

"ஒங்க மக சவேரியாளும் பெரிய மனுசி ஆயிட்டா. பரண்ல பலகை சும்மாதானே கெடக்கு."

சூசைமுத்து நிமிர்ந்தார். பரணில் கிடந்தவை அவருடைய அப்பா ஓட்டிய வள்ளத்தின் பலகைகள். பாறையில் மோதி உடைந்த வள்ளத்தில் நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்தது.

"அது சாமியார் வந்து மந்திரிச்சு, தீர்த்தம் தெளிச்ச வள்ளம். அந்தப் பலகையில பொம்பளைக ஊத்துற தண்ணி படலாமா? பலகையைப் பத்தி இனிப் பேசாத."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். கோபமும் கருவாடு மாதிரிதான். பிடித்த அன்றைக்கே தின்ன முடியாது, காய வேண்டும்.

அது காய்ந்த காலை ஆனி மாதத்தில் வந்தது. காற்று வாகாக இருந்தது. கரையில் வள்ளங்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. சூசைமுத்துவின் பாயை விரித்தபோது நடுவில் முழ நீளத்துக்குக் கிழிசல். "ஓடிப்போயி அந்தப் படுதாவை அவுத்துக்கிட்டு வாலே" என்று தம்பியை விரட்டினார். கில்பர்ட் ஓடினான். கொல்லை வழியாக வந்தான், கயிற்றை அவிழ்த்தான், துணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான்.

மிக்கேலம்மாள் முன்வாசலில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். செம்பு கல்லில் விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. அலறல் கேட்கவில்லை. அதுதான் அவளை ஓட வைத்தது. மறைப்புக்குள் சவேரியாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் சீயக்காய். கண் எரிந்தாலும் கழுவுவதற்குக் கையை எடுக்க முடியவில்லை. ஒற்றையடிப் பாதையில் போனவர்கள் நடையைக் கொஞ்சம் தளர்த்தி, பிறகு வேகமாகப் போனார்கள்.

கொடியில் கிடந்த சேலையை இழுத்து மகள்மேல் போட்டாள் மிக்கேலம்மாள்.

"சித்தப்பா கூப்பிடக்கூட இல்ல ஆத்தா" என்றாள் பெண்.

மிக்கேலம்மாள் அவள் தலையை அலசி, துவட்டி, வீட்டுக்குள் அனுப்பினாள். பிறகு கரைக்கு நடந்தாள். மீன் செதில் ஒட்டிய கையைக் கழுவவில்லை.

கரையில் விரித்த பாயைப் பெண்கள் தாண்டக்கூடாது, தொடக்கூடாது. தீட்டு நாட்களில் அந்தப் பக்கமே போகக்கூடாது. பாய்க்குத் தீட்டுப் பட்டால் கடல் பொறுக்காது என்பது அங்கே எல்லோருக்கும் பால் குடிக்கிற வயதிலேயே தெரிந்துவிடும் விஷயம். அவள் பாயின் ஓரத்தில், மணலில் நின்றாள். சூசைமுத்து கோணூசியால் ஒட்டைப் பாதி தைத்திருந்தார். கில்பர்ட் துணியை இழுத்துப் பிடித்திருந்தான். தொழிலுக்கு வருகிற மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏலே கில்பர்ட்டு. உள்ள யாரு இருந்தா?"

அவன் முகம் கறுத்தது. "உள்ள ஆளா? நான் ஒண்ணும் பாக்கல மதினி. மாதா சத்தியமா துணியைத்தான் பாத்தேன்."

"அதைத்தான்லே சொல்றேன். ஒனக்குத் துணி மட்டுந்தான் தெரிஞ்சுது."

சூசைமுத்து தலை நிமிராமல், "காத்து மாறுறதுக்குள்ள போகணும். எதுன்னாலும் வீட்டுல பேசிக்கிருவோம்" என்றார்.

"வீட்டுல பேசியாச்சு" என்றாள். குரல் இறங்கியிருந்தது. அலைச் சத்தத்தில் கேட்பதற்காக ஆட்கள் முன்னால் சாய்ந்தார்கள். "பலகையில தீர்த்தம் பட்டிருக்கு, பொம்பளை குளிக்கிற எடத்துல வைக்கக் கூடாதுன்னீக. புதுப் பாய் கட்டுனா அதுக்குத் தீர்த்தம் தெளிக்காமக் கடல்ல எறக்குவீகளா?"

கூட்டத்தில் மூத்தவரான மரியசெல்வம், "அது எப்படித் தாயி எறக்குறது? பாய்க்கும் உண்டு" என்றார்.

"அப்ப இந்தத் துணிக்கும் பட்டதுதானே? என் மக சமைஞ்சு தலைக்கு ஊத்துனது இந்தத் துணிக்குப் பின்னால. மாசா மாசம் தீட்டுக் கழிச்சு நான் ஊத்திக்கிறதும் இதுக்குப் பின்னால. ஈரச் சேலையை இது மேலதான் போடுறோம். அதை வெட்டி வெட்டித் தச்சு, தலைக்கு மேல கட்டிக்கிட்டு இத்தனை வருஷமாக் கடலுக்குப் போறீக. கடல் ஒரு நாளும் கோவிக்கல. பலகைக்கு மட்டும் கோவம் வந்துருமோ?"

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எல்லோர் வீட்டிலும் அதே படுதா, அதே ஒட்டு. யாரும் வாய்விட்டுச் சொல்லாதவரை அது துணி. சொன்ன பிறகு அது வேறு என்னவோ ஆகிவிட்டது. மரியசெல்வம் பாயிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்தார். இன்னொருவர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். கில்பர்ட் பிடித்திருந்த துணியை விட்டான். சூசைமுத்து மட்டும் ஊசியோடு உட்கார்ந்திருந்தார். பிறகு தைத்ததை ஒவ்வொரு தையலாகப் பிரித்தார்.

அன்றைக்கு அந்த வள்ளம் இறங்கவில்லை. இறங்கிய வள்ளங்களெல்லாம் சாளை மீனை அள்ளிக்கொண்டு வந்தன. மறுநாள் கிணற்றடியில் மரியசெல்வத்தின் மனைவி, "ஒன் கோவத்துக்கு எங்க அடுப்பும் அணையணுமாக்கும்?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது என்று மிக்கேலம்மாளுக்குத் தெரியும். அதற்காகக் கோபம் குறைந்துவிடவில்லை.

சூசைமுத்துவின் கோபம் வேறு மாதிரி. வீட்டில் சாப்பிடுவார், யார் முகத்தையும் பார்க்க மாட்டார். வேறு யாரிடமோ பழைய பாய் கேட்டு வாங்கி ஒட்டுப் போட்டுக்கொண்டு தொழிலுக்குப் போனார். கொடுத்தவர் வீட்டிலும் அது எங்கே தொங்கியது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் அந்தப் படுதாவைக் கொண்டுவந்து மறைப்பு வாசலில் எறிந்தார்.

"இந்தா. இனி எவனும் இதைத் தொட மாட்டான். துணி ஒனக்கே ஆச்சு. இனிமேக் கதவு எதுக்கு?"

"மனுசன் தொட மாட்டான். காத்துக்கு யாரு போயிச் சொல்றது?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அவர் மறுபடி கடலுக்குப் போனதும் மிக்கேலம்மாள் பரணில் ஏறினாள். சவேரியாள் கீழே நின்று பலகைகளைத் தாங்கி வாங்கினாள். முனியசாமி ஆசாரி பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றில் மங்கிப்போன நீலச் சாயமும் சிலுவையின் பாதியும் இருந்தன.

"ஒங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா தாயி?"

"பரண்ல ஏறும்போதெல்லாம் அந்தப் பலகை அவரு தலையில தட்டும். தட்டலைன்னா அவருக்கே தெரிஞ்சுட்டுப் போகுது."

ஆசாரி பலகையை இழைத்து, சட்டம் அடித்து, வாசலில் நிலைக்கால் ஊன்றி, சில நாட்களில் கதவைக் கொண்டுவந்து மாட்டினார். முழங்காலிலிருந்து தலைக்கு மேல் வரை மறைத்தது. கீழே இடைவெளி தண்ணீர் போவதற்கு. மிக்கேலம்மாள் மீன் விற்றுவிட்டு வந்து பார்த்தாள். தள்ளிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. உள்ளே போய்ச் சாத்தினாள். தடவினாள். தாழ்ப்பாளைக் காணோம்.

தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

"ஆசாரியாரே" என்றாள். "குளிக்கிறவ உள்ள நின்னுக்கிட்டு, கையை எங்கன நீட்டித் தாப்பா போடுவா?"

ஆசாரி உளியைத் துடைத்துக்கொண்டே, "கொல்லைக் கதவுன்னா வெளியதானே தாயி தாப்பா. ஆடு போயிரக் கூடாதுல்ல. நேத்துக் கரையில ஒங்க வீட்டுக்காரரைப் பாத்தேன். அவரும் அப்படித்தான் போடச் சொன்னாரு. துடுப்பு, சுக்கான் எல்லாம் ராத்திரி உள்ள வச்சுப் பூட்டிக்கிறலாமாம்" என்றார்.

மிக்கேலம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. சூசைமுத்துவுக்குப் பலகை விஷயம் தெரியும். தீர்த்தம் பட்ட பலகை என்பதெல்லாம் துடுப்பு வைக்க ஓர் இடம் கிடைத்ததும் கரைந்துபோய்விட்டது.

"கழட்டுங்க."

"கழட்டுனா ஆணி ஓட்டை நிக்கும் தாயி. பாக்க அசிங்கமா இருக்கும்."

"நிக்கட்டும். உள்பக்கம் போடுங்க."

மிகவும் தணிந்த குரலில் சொன்னாள். ஆசாரி கழற்றினார்.

வெளிப்பக்கத்து ஆணி ஓட்டைகளை அவளே அடைத்தாள், வள்ளத்துக்கு அடிக்கிற தாரை வைத்து. சவேரியாள் உள்ளே நின்று வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துச் சொன்னாள். ஒன்றில் வந்தது. அதையும் அடைத்தாள்.

சாயங்காலம் சூசைமுத்து துடுப்புகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொல்லை வழியாக வந்தார். காலால் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தைப் பார்த்தார். தார்ப் பொட்டுகள்தான் இருந்தன.

"உள்ள யாரு?" என்றார். அந்த மறைப்புக்கு முன்னால் நின்று அவர் அதுவரை கேட்காத கேள்வி.

அடுப்படியிலிருந்து சவேரியாள், "ஆத்தா குளிக்குது அய்யா" என்றாள்.

"எம்புட்டு நேரமாகும்?"

உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது.

"தெறக்கிற வரைக்கும்" என்றாள் மிக்கேலம்மாள்.

சூசைமுத்து துடுப்புகளை இறக்கி ஓலைத் தட்டியில் சாத்தினார். அது கனம் தாங்காமல் சாய்ந்தது. மறுபடி எடுத்துத் தோளிலேயே வைத்துக்கொண்டார். கச்சான் மணலை வாரிக் கதவில் இறைத்தது. கதவு ஒரு தடவை தடதடத்து நின்றது. உள்ளே மறுபடியும் தண்ணீர்ச் சத்தம், அவசரமில்லாமல்.