முழங்காலிலிருந்து எழுந்தேன்

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொல்கத்தாவின் கார்டன் ரீச்சிலிருந்து நடந்துகொண்டிருந்தேன். போன மழைக்காலம் அது. அன்று காலைதான், நான் வேலை பார்த்த கேன்டீனில் அரிசி மூட்டையைத் தூக்கக் குனிந்தவன், தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அறுபத்தெட்டு வயது. எட்டாவதோடு பள்ளியை விட்டு, சூரத், நாக்பூர், கொல்கத்தா என்று அலைந்தே பிழைத்தவன். வேலை போவது எனக்குப் புதிதில்லை. கால் போனதுதான் புதிது.

அந்த ஞாயிறு, லேக் மார்க்கெட் பக்கம் ஒரு வீட்டில் நடந்த தமிழ் ஜெபக்கூட்டத்தில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, உழைத்துச் சாப்பிட என் காலைத் திருப்பித் தாரும்" என்று அழுதேன். ஆமென் சொல்லி எல்லோரும் எழுந்தார்கள். என்னால் முடியவில்லை. சொல்ல வெட்கம். கண்ணை மூடியபடியே இருந்தேன். ஆவியில் நிறைந்திருக்கிறேன் என்று எண்ணி அவர்களும் மறுபடி முழங்காலிட்டுப் பாட ஆரம்பித்தார்கள்.

சிற்றுண்டிக் கடை வைத்திருக்கும் செல்வின்தான் காதருகே குனிந்தார்.

"அண்ணாச்சி, ஜெபமா, மூட்டு வலியா?"

"மூட்டுதான் தம்பி."

"முதல்லயே சொல்லப்படாதா? அங்க இட்லி ஆறிப்போவுது!"

தூக்கிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் அவரே டாக்குரியா ஏரிக்கரைக்கு அழைத்துப்போனார். அங்கே காலையில் வயதானவர்கள் கூடி உடற்பயிற்சி செய்கிறார்கள். நடத்துபவர் ஷிப்ரா என்ற ஓய்வுபெற்ற நர்ஸ். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, உட்கார்ந்து எழச் சொன்னார். அற்புதம் கேட்டேன், நாற்காலி கிடைத்திருக்கிறதே என்று மனம் கசந்தது. தயங்கி நின்றேன்.

"உட்காருங்க தாதா, அது கடிக்காது" என்றார் வங்காளத்தில், அண்ணன் முறை வைத்து.

உட்கார்ந்தேன். கையூன்றித்தான் எழுந்தேன். பிறகு மணல் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கவும் பழகினேன். எந்த ஊரிலும் நிலைக்காதவன், அந்த நாற்காலிக்காகத் தங்கினேன். துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கிய நாட்களில், கையூன்றாமல் எழுந்தேன். குளிர் தொடங்கியபோது தரையிலிருந்து எழப் பழகிக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின கூட்டத்தில் மறுபடி முழங்காலிட்டேன். ஆமென் சொன்னதும் செல்வின் கை நீட்டினார். யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நின்றேன்.

"ஸ்தோத்திரம்! அப்ப நாளைக்குக் கடைக்கு வந்திருங்க அண்ணாச்சி. மாவாட்ட ஆள் இல்ல."

பிரியமானவர்களே, உங்கள் கால் தளர்ந்தாலும் ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் நாற்காலியைக் காட்டினால் முறைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

மறுநாள் காலை, மாவுக் குண்டானைத் தரையிலிருந்து தூக்கி அடுப்பருகே வைத்தேன். இன்றுவரை அதுதான் என் வேலை.