உள்தாழ் இல்லாத வீடு

வீடு பார்க்கப் போனால் ஆஸ்பத்திரி நர்ஸ் இன்பம் சிஸ்டர் முதலில் சுவரை முகர்ந்து பார்ப்பார். மற்றவர்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்ப்பார்கள். கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். வாசல் எந்தத் திசை என்று விசாரிப்பார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளறைக்குப் போய், மூலைச் சுவரில் மூக்கு உரசுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். அதற்குள் வீட்டுக்காரருக்கு வியர்த்துவிடும். விஸ்வநத்தத்தில் ஒருவர், "வெங்காயம் கொட்டி வச்சிருந்த ரூமு சிஸ்டர், வேற ஒண்ணும் இல்ல" என்று கையைப் பிசைந்தார். "வெங்காயம் வச்ச ரூமுல கந்தக வாடை எப்படிய்யா வரும்? வெடிமருந்து இருந்த வீட்டுல நான் அடுப்புப் பத்தவைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

சுவர் தேறினால் அடுத்தது கதவு. வெளிப்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். தேக்கோ வேம்போ, வேலைப்பாடு உண்டோ இல்லையோ, அதெல்லாம் யாருக்கு வேண்டும் என்கிற முகத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து, மறுபடியும் போட்டுப் பார்ப்பார். நல்ல கெட்டியான தாழ்ப்பாளாக இருந்துவிட்டால் ஐம்பத்தைந்து வயது முகத்தில் பள்ளிக்கூடத்துப் பெண்ணின் சிரிப்பு ஒன்று வந்து போகும்.

"எனக்குப் பெரிய வீடு எதுக்குத் தம்பி? உள்ள போயித் தாப்பாளைப் போட்டுட்டு, எவன் வந்து தட்டுனாலும் எந்திரிக்காம ஒரு நாள் முச்சூடும் உறங்கணும். அம்புட்டுத்தான்" என்பார் என்னிடம்.

நான் சிவகாசியின் பழைய கடைத்தெருவில் காகிதக்கடை வைத்திருப்பவன். அச்சாபீஸ்களுக்கும் பட்டாசுக் கம்பெனிகளுக்கும் காகிதம் கொடுக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய காகிதத்தை வாங்கிப் போக வரும் சிஸ்டர், நான் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் காகிதப் பொதிமேல் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே தூங்குவார். கோயிலில் பாதிரியார் நீண்ட ஜெபம் தொடங்கினால் போதும், தலை தொங்கிவிடும். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். ஆனால் யாராவது "சிஸ்டர்" என்று மெல்லச் சொன்னால் போதும், எழுந்து நின்றுவிடுவார். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவருடைய காது உறங்குவதே இல்லை.

சின்ன வயதில் தாய் தகப்பனை இழந்து மிஷன் விடுதியில் வளர்ந்தவர். அங்கே சாவி விடுதியம்மாவிடம் இருந்தது. நர்ஸ் படிப்புக்குப் போன இடத்தில் வார்டனிடம் இருந்தது. வேலைக்கு வந்த பிறகு ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸ். இரண்டு பேருக்கு ஓர் அறை, ராத்திரி அவசரத்துக்குக் கூப்பிட வசதியாகக் கதவைச் சும்மா சாத்தி வைப்பதுதான் வழக்கம். தீக்காயத்துக்குப் பேர்போன ஊரில் ராத்திரி அவசரம் என்றைக்கு இல்லாமல் இருந்தது? இப்படியே ஆயுசில் பெரும்பகுதி போய்விட்டது. சீனச் சண்டைக்கு அடுத்த வருடம் கிறிஸ்துமஸோடு அவருக்கு ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். எம். புதுப்பட்டியில் தம்பி மாணிக்கராஜ் இருக்கிறார். "அக்கா, எங்க கூட வந்து இருங்க" என்று கூப்பிடத்தான் செய்கிறார். "அவன் வீட்டுக்குப் போனா ஊரு பூராம் ஊசி போட வந்து நிக்கும். அதுக்கு ஆஸ்பத்திரியிலேயே இருந்துட்டுப் போறேன்" என்று சிஸ்டர் தட்டிக் கழித்துவிட்டார்.

ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய சிமிண்டு வீடுகளையும் பார்த்தார். தனியாக இருக்கும் பெண்ணுக்கு விற்க யோசித்தவர்கள் பாதி. சுவரில் வாடை அடித்தவை மீதி. பார்த்துப் பார்த்துக் கால் ஓய்ந்துபோய்த்தான் எங்கள் தெருவுக்கு வந்தார்.

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் பழைய கடைவீடுகள். முன்னால் கடை, நடுவில் முற்றம், பின்னால் குடியிருப்பு. வீட்டுக்கு வீடு சுவர் ஒன்றுதான். பின்பக்கம் அடுத்த தெரு வீடுகளின் முதுகு, சந்து கிடையாது. ஆக, போக வர ஒரே வாசல், தெருவாசல். அதற்குக் கதவும் கிடையாது, பலகைகள்தான். மேலும் கீழும் உள்ள பள்ளத்தில் ஒவ்வொன்றாகச் செருகி அடைப்போம். கடைசிப் பலகை மட்டும் அந்தப் பள்ளத்தில் நகரும். உள்ளேயிருந்தும் தள்ளலாம், வெளியே நின்றும் தள்ளலாம்.

தீபாவளி நெருங்கினால் இந்தத் தெருவில் வளையல்கடைக்காரர்கூட வெடிக்கட்டுகளை அடுக்கிவிடுவார். என் தகப்பனார் காலத்தில் அப்படி ஒரு சீசனில் ஒரு கடை பற்றிக்கொண்டது. பின்கட்டில் இருந்தவர்களுக்கு வெளியே வர வழி இல்லை. அதன் பிறகு தெருவே கூடி ஒரு கட்டுப்பாடு செய்தது. பக்கத்துப் பக்கத்து வீட்டு முற்றங்களுக்கு நடுவே ஒரு சின்ன வாசல் விட வேண்டும். ஒரு வீட்டின் முன்பக்கம் எரிந்தால் பின்னால் இருப்பவர்கள் அந்த வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்த் தெருவுக்கு ஓடலாம். அதனால் எந்த வீட்டுக்கும் உள்தாழ் போடக் கூடாது. பலகையை எடுத்துவிட்டுச் சுவரோ இரும்புக் கதவோ வைக்கக் கூடாது. திருட்டுக்குத் தெருவே காவல்காரர் வைத்துக்கொள்ளும். இன்றுவரை முகப்பில் ஒரு பலகையும் மாறவில்லை. தெருவுக்குப் பெரியவரான லட்சுமிகாந்தம் அண்ணாச்சி சாயங்காலம் நடக்கப் போகிற சாக்கில் ஒவ்வொரு வீட்டுக் கடைசிப் பலகையையும் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் போவார். அவருக்கு அது சந்தியாவந்தனம் மாதிரி.

என் கடைக்கு எதிர்வீட்டு அரிசி வியாபாரி சோணைமுத்து, மகனோடு விருதுநகர் போய் இருக்கப் போவதால் வீட்டை விற்பதாகச் சொன்னார். நான்தான் சிஸ்டருக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். சுவரை முகர்ந்தார். "அரிசி வாடை!" என்று கண் திறந்தபோது பத்து வயது குறைந்திருந்தது. முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தார். பின்கட்டில் எந்த இடத்தில் கட்டில் போடுவது என்றுகூடக் கையால் அளந்துவிட்டார். பிறகு வாசலுக்கு வந்து பலகையின் உட்புறத்தைத் தடவினார். மேலே தடவினார், கீழே தடவினார்.

"தாப்பாள் எங்கன?"

தாழ்ப்பாள் இல்லாத கதையை லட்சுமிகாந்தம் அண்ணாச்சியே வந்து விளக்கினார். பொறுமையாகத்தான் சொன்னார். கேட்கக் கேட்க சிஸ்டரின் முகம் இறுகிவிட்டது.

"அப்ப இது வீடு இல்ல அண்ணாச்சி, சத்திரம். எவன் வேணும்னாலும் தள்ளிட்டு உள்ள வரலாம். அப்படித்தான?"

"எங்க தெருவுல எவன் வருவான் சிஸ்டர்? உங்களுக்கு என்ன பயம்?"

"பயமா? பயம் யாருக்கு? எனக்கு உறக்கம் வேணும்ய்யா!" என்று சிஸ்டர் போட்ட சத்தத்தில் தெருவில் நாலு தலை எட்டிப் பார்த்தது. விறுவிறுவென்று போய்விட்டார். நானும் அன்றைக்கு அண்ணாச்சியிடம் கோபமாகப் பேசினேன். ஊருக்கெல்லாம் கட்டுப்போட்டவருக்கு ஒரு தாழ்ப்பாள் போடக் கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்கு வயிற்றெரிச்சல்.

தெரு மறுபடி கூடியது. ஒண்டிக்கட்டைப் பொம்பளை, வயசானவர், அவருக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு ஆரம்பித்தது. "அதோட, தெருவுல ஒரு நர்ஸம்மா இருந்தா ஆத்திர அவசரத்துக்கு நமக்கும் நல்லதுதான" என்று அண்ணாச்சி முடித்து வைத்தார். உறங்குவதற்காகத் தாழ்ப்பாள் கேட்டவருக்கு, எழுப்புவதற்காகத் தாழ்ப்பாள் அனுமதித்த தெரு உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

செய்தி சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனேன். தீபாவளிச் சீசன். வராந்தாவெல்லாம் பாய். படிக்கட்டில் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். கையில் ஆடை படிந்த தேத்தண்ணி.

"தாழ்ப்பாள் போட்டுக்கிடலாம்னு சொல்லிட்டாங்க சிஸ்டர். அண்ணாச்சியே சொல்லிட்டாரு."

அந்தச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"தாயில்பட்டியில இருந்து ஒரு தாயையும் பிள்ளையையும் கொண்டாந்திருக்காக தம்பி. வீட்டுக்குள்ள வச்சு வெடிக்கு மருந்து அடைச்சிருக்கா. வெளிய தெரியக் கூடாதுன்னு தாப்பாளைப் போட்டுக்கிட்டா. அக்கம்பக்கத்து ஆம்பளைக அம்புட்டுப் பேரும் வாசல்ல நிக்கிறாக. கதவு திறக்கல. கடப்பாரை எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். "பிள்ளை பிழைச்சுக்கிடும்."

தாயைப் பற்றி நான் கேட்கவில்லை.

காலித் தம்ளரைக் கைக்குள் உருட்டிக்கொண்டே சொன்னார். "இருந்தாலும் சரின்னு சொல்லிருங்க. ஆசாரிகிட்ட நல்ல கனமான தாப்பாளாச் செய்யச் சொல்லுங்க. நான் மருந்தும் அடைக்கப் போறதில்ல, வெடியும் விக்கப் போறதில்ல. ஒண்டிக்கட்டை. எனக்கு ஒண்ணுன்னா என்னோட போகட்டும்."

அப்போது "சிஸ்டர்" என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். தம்ளரைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் குடிவந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கட்டில், நாலு பாத்திரம், சுவரில் மாட்ட ஓர் இயேசுநாதர் படம். ஆசாரி செல்லச்சாமி தாழ்ப்பாளைக் கொண்டுவந்து, சிஸ்டர் கையைத் தூக்கினால் எட்டுகிற உயரத்தில், கடைசிப் பலகையையும் அதற்கு அடுத்ததையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி முடுக்கினார். முடுக்கி முடிக்கும்வரை சிஸ்டர் பக்கத்திலேயே நின்றார். தெருவும் நின்றது. எங்கள் தெருவில் உள்தாழ் போடுவதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லையே.

"கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாதீக" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். பலகை நகர்ந்தது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் தெருவுக்குக் கேட்டது.

நாங்கள் வெளியே நின்றோம். நானும் ஆசாரியும் பீடி பற்ற வைத்தோம். அடுத்த வீட்டில் குடியிருக்கும் கருப்பம்மாள் தீப்பெட்டி ஒட்டுகிற பசைக் கையோடு வந்து பலகையில் காதை வைத்துப் பார்த்தாள். "யக்கா, குடிக்கத் தண்ணி கிண்ணி வேணுமா?" என்றாள். "சும்மா இருத்தா!" என்று அண்ணாச்சி அதட்டினார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். அப்படியே இருக்கட்டும் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

திடீரென்று உள்ளேயிருந்து யாரோ பலகையைத் தட்டினார்கள். தட்டல் கீழேயிருந்து வந்தது, இடுப்பு உயரத்திலிருந்து. சின்னக் கை.

"எம்மா! தெற!"

கருப்பம்மாளின் நாலு வயது மகள் பஞ்சம்மாளின் குரல். முற்றத்துச் சின்ன வாசல் வழியாக எந்த நேரமும் இந்த வீட்டுக்குள் நுழைந்து, தெருவழியாக வெளியே ஓடுவது அவளுக்குப் பழக்கம். சோணைமுத்து இருந்த காலம்தொட்டு அப்படித்தான். இன்றைக்கு வழி அடைத்திருக்கிறது. தாழ்ப்பாளோ அவளைப் போல இரண்டு மடங்கு உயரத்தில். "எம்மா! எம்மா!" என்று அழுகை கூடியது. முற்றம் வழியாகச் சுற்றி வரலாம் என்பது பதற்றத்தில் யாருக்கும் தோன்றவில்லை; கருப்பம்மாள் வெளியேயிருந்து பலகையைத் தள்ளினாள். நானும் சேர்ந்து தள்ளினேன். ஆசாரியின் வேலை சுத்தமான வேலை; அசையவில்லை.

"சிஸ்டர்! சிஸ்டர்!" என்று அண்ணாச்சி கத்தினார்.

தாழ்ப்பாள் திறந்தது. பலகை நகர்ந்ததும் பஞ்சு பாய்ந்து வந்து தாயின் காலைக் கட்டிக்கொண்டாள். பின்னால் சிஸ்டர் நின்றார். தலைமுடி கலைந்து, கன்னத்தில் தலையணைக் கோடு பதிந்திருந்தது. நன்றாகத்தான் தூங்கியிருக்கிறார், பாவம்.

"பக்கத்து வீடு எரிஞ்சு இந்தப் பிள்ளை இப்படித் தட்டியிருந்தாலும் நான் எந்திரிச்சிருக்க மாட்டேன்" என்றார் தனக்குத்தானே. பிறகு தாழ்ப்பாளை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சின்னப் பிள்ளைகள் மிட்டாய்க் கடையைப் பார்க்கிற பார்வை. எனக்கு வேறு பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"ஆசாரி, கழத்திருங்க."

"இப்பத்தான சிஸ்டர் முடுக்குனேன்?"

"கழத்துங்கய்யா."

ஆசாரி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்புளியை எடுத்தார். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தாழ்ப்பாள் கையோடு வந்ததும் சிஸ்டர் பலகையை நகர்த்திப் பார்த்தார். கார்த்திகை மழையில் ஊறிய மரம், பாதியில் சிக்கியது. உள்ளே போய், டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒரு துண்டு சவுக்காரத்தோடு வந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கீழ்ப் பள்ளத்தில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை அழுத்தி அழுத்தித் தேய்த்தார். நாற்காலி போட்டு ஏறி மேல் பள்ளத்திலும் தேய்த்தார். வாயில் கொட்டாவி வந்துகொண்டே இருந்தது.

அப்புறம் இறங்கி வந்து, வாசலில் தரையோடு தரையாக உட்கார்ந்தார். பஞ்சுவின் தோளை ஒரு கையால் தொட்டு உயரத்தைப் பார்த்துக்கொண்டார். மற்றக் கையை அதே உயரத்துக்குக் கொண்டுவந்து, ஒற்றை விரலால் பலகையைத் தள்ளினார். அது நகர்ந்தது.