ரத்தம் கட்டாத குழாய்

பிளாஸ்டிக் குழாயின் உள்பக்கத்துக்கு மருந்து பூசுவதுதான் உத்தியோகம் என்று சொன்னால், பெண் கொடுக்க வந்தவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள். எழுபதுகளில், தாம்பரத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் அதைத்தான் செய்தேன். உடம்பில் பொருத்துகிற குழாய்க்குள் ரத்தம் கட்டிக்கொண்டால் ஆபத்து. கட்டாமலிருக்கத்தான் அந்தப் பூச்சு. ஆய்வுக்கூடங்களில் காலம் தள்ளியவர்களே, மீதிப் பாட்டை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

கறிக்கடையில் கடிகாரம்

பூச்சைச் சோதிக்கப் புது ரத்தம் வேண்டும். ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவதற்குள் அது உறைந்துவிடும். அதனால் ஞாயிறு காலையில் மார்க்கெட் கறிக்கடைக்கே போய், பூசிய குழாயிலும் பூசாத குழாயிலும் ஆட்டு ரத்தம் பிடித்து, கடிகாரமும் கையுமாக நிற்பேன். பூசாதது சில நிமிஷத்தில் கட்டியாகிவிடும். பூசியதைச் சாய்த்தால் ரத்தம் ஓடும். எனக்குச் சிரிப்பு தாங்காது. கறி வாங்க வந்தவர்கள் ஓரடி தள்ளி நிற்பார்கள்.

ஒருநாள் கடைக்கார பாய் கத்தியைக் கீழே வைத்தார். "இன்னா சார், வாரா வாரம் வர்றே, ரத்தத்தைப் பாத்து சிரிச்சிகினு போறே. என்னிக்காவது கால் கிலோ கறி வாங்கினியா?"

ஒரு முனை மட்டும்

திடீரென்று குழாய்கள் தோற்க ஆரம்பித்தன. எல்லாவற்றிலும் ஒரே முனையில் மட்டும் ரத்தம் கட்டியது. மூன்று வாரம் மருந்தை மாற்றினோம், சூட்டை மாற்றினோம், பயனில்லை. கடைசியில் எங்கள் மூத்த கெமிஸ்ட் ஸ்டெல்லா அக்கா ஒரு குழாயை நெடுகப் பிளந்து தண்ணீர் விட்டார். மற்ற இடமெல்லாம் தண்ணீர் பரவியது. அந்த முனையில் மட்டும் முத்து முத்தாக நின்றது. எண்ணெய்!

மருந்து ஊற்றும்போது அந்த முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொள்வது நான். முடி கொட்டுகிறதென்று அந்த மாதம்தான் காலையில் தலைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டு வர ஆரம்பித்ததும் நான். ஒப்புக்கொண்டேன், வேறு வழி? அக்கா திட்டவில்லை. சோப்பை நீட்டினார். "கைரேகை பாக்கற போலீஸ்காரர் ஒருத்தரை வேலைக்கு வெச்சிருந்தா, மூணு வாரம் மிச்சமாயிருக்கும் தம்பி."

வாத்தியாரின் மணிக்கட்டு

குரோம்பேட்டையில் ஒரு சரித்திர வாத்தியார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு இணைக்க, இடது மணிக்கட்டில் குழாய் வைத்திருந்தார்கள். முதல் குழாய் நான்காம் நாளே அடைத்துக்கொண்டது. இனி உங்களுடையதைப் பார்ப்போம் என்றார் டாக்டர்.

எங்கள் குழாயை வைத்த ஐந்தாம் நாள் அக்காவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாத்தியார் கட்டைப் பிரித்துக் காட்டினார். குழாய் செக்கச்செவேலென்று இருந்தது. "தொட்டுப் பாருங்க" என்றார். சூடாக இருந்தது, உள்ளே நாடி துடித்தது. சோப்புப் போட்டுக் கழுவிய கைதான், ஆனாலும் கட்டைவிரலை மடக்கிக்கொண்டுதான் தொட்டேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். வாத்தியார் யோசித்துச் சொன்னார்: "எட்டாங்கிளாஸ் பரீட்சைப் பேப்பர் ரெண்டு கட்டு திருத்தாம கிடக்கு. வலது கை சும்மாதானே இருக்கு, கொண்டுவரச் சொல்றீங்களா?"

வேலையைச் சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. அப்படி ஒன்றும் நடக்காமலிருப்பதற்காகத்தான் ஒன்பது வருஷம் படாத பாடு பட்டேன்.