யாரும் பார்க்காத பாதிச் சுற்று

செத்தவன் எழுந்து வந்து மறுப்புச் சொல்ல மாட்டான் என்ற தைரியத்தில் அவன் தலையிலேயே பழியைக் கட்டும் அறிக்கைகள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றையாவது நீங்கள் முழுசாகப் படித்திருக்கிறீர்களா?

சுற்றுக்காரி படித்திருக்கிறாள், எழுத்துக் கூட்டித்தான். காட்டுப் பாதையின் காவலாளியான அவள் கணவன் ‘சொந்தக் கவனக்குறைவால்’ பள்ளத்தில் விழுந்து இறந்தான் என்று ஒரு வரி. அந்த வரி மகளின் பள்ளிக்கூடம்வரை போய்விட்டது. “உங்கப்பா தண்ணி போட்டுட்டு விழுந்தாராமே” என்று வகுப்பில் கேட்டார்களாம். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷன்! அந்த ஒரு வரியை மாற்ற வைத்துவிட வேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டாம்.

அருவிக்குப் போகும் பாதை ஐந்து கிலோமீட்டர் வட்டம். வாசலிலிருந்து இடப்பக்கம் இரண்டு கிலோமீட்டர் ஏறினால் அருவி. அங்கிருந்து வலப்பக்கமாக மூன்று கிலோமீட்டர் இறங்கினால் மறுபடி வாசல். ‘மிதமான பாதை’ என்கிறது பலகை. வலப்பக்கச் சரிவில், கைப்பிடிக் கயிறு கட்டிய மரத்தூண்களில் ஒன்று அடியில் உளுத்துப் பால்பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அவன் நான்கு முறை அலுவலகத்தில் சொன்னான். பிறகு ஒருநாள், எவரோ தின்றுவிட்டு எறிந்த பிஸ்கட் உறையை எடுக்க, அந்தத் தூணைப் பிடித்தபடி குனிந்தான். தூண் கையோடு வந்தது.

அவன் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். அன்றாடம் முழு வட்டமும் நடந்ததால் அவளுக்குச் சுற்றுக்காரி என்று பெயர். தூண் இருந்த குழியை மட்டும் எவரும் மூடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அதிகாரி, யாராக இருந்தாலும், இடப்பக்கம் ஏறுவார், அருவி முன் நின்று படம் எடுத்துக்கொள்வார், வந்த வழியே இறங்கி ‘முழுச் சுற்றும் சரி’ என்று கையெழுத்துப் போடுவார்.

இம்முறை வரப்போகிறவர் புதியவர் என்று கேள்விப்பட்டதும், வாசலில் இருந்த அம்புக்குறியை வலப்பக்கம் திருப்பி வைத்தாள்.

“அண்ணி, என்ன காரியம் பண்றீங்க?” என்று டிக்கெட் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தான் கொழுந்தன்.

“அந்தக் குழியைக் கண்ணால ஒருதடவை பாக்கட்டும், தம்பி.”

“தூங்கறவனை எழுப்பலாம். தூங்கற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியுமா?”

அதிகாரி அம்பை நம்பி நடந்தார். கூடவே அவளும் போனாள். அரை கிலோமீட்டரிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

“ஏம்மா, லேசான வழின்னாங்க?”

“இன்னும் கொஞ்சம்தான் சார். அந்தத் திருப்பம் தாண்டினா குழி தெரியும்.”

திருப்பத்துக்கு முன்பே ஈரப் பாறையில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் சேறு. அவள் நீட்டிய கையை அவர் தொடவில்லை.

“யாரு இந்தப் பக்கம் அம்பு போட்டது?”

“நான்தான் சார்” என்றாள். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம்.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. வேலை போயிற்று. அது மட்டுமா? ‘காவலாளிகள் தம் இஷ்டப்படி நடப்பது வழக்கம், முந்தைய மரணமும் இத்தகைய ஒழுங்கீனத்தின் விளைவே’ என்றும் எழுதியிருந்தார்கள். ஒரு வரியை அழிக்கப் போனவள் இரண்டாவது வரிக்கும் இடம் கொடுத்துவிட்டாள். “எல்லாம் விதி” என்றார்கள் பக்கத்து வீட்டார். விதியாவது மண்ணாவது! தூணை உளுக்க வைத்தது மழை. மாற்றாமல் விட்டது சம்பளம் வாங்கும் மனிதர்கள்.

“நாளைலேர்ந்து நான் ஸ்கூலுக்குப் போகலம்மா” என்றாள் மகள், சுவரைப் பார்த்தபடி. சுற்றுக்காரியும் அதே சுவரைப் பார்த்தாள்.

இனி அவளை வாசலுக்குள் விட மாட்டார்கள், உங்களை விடுவார்கள். அருவியைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிடாதீர்கள். வலப்பக்கம் இறங்குங்கள். கயிற்றை நம்பாமல், பாறைப்பக்கம் ஒட்டியே நடங்கள். அந்தக் குழியைப் பார்த்துவிட்டு, வாசலில் இருக்கும் பார்வையாளர் புத்தகத்தில், கண்டதைக் கண்டபடி, உங்கள் பெயரும் தேதியும் போட்டு எழுதிவிட்டு வாருங்கள்.