இப்போதைக்கு

அலுவலகத்தில் அவளுக்குத் ‘தேன்குழாய்’ என்று பெயர். குரலில் தேன் இருந்தது, குழாயைத் திறந்துவிட்டால் நிற்காது. இந்த வேலைக்கு வருவதற்கு முன் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்தாள். ஒருநாள் அவளை உட்காரவைத்து எல்லா ஊர்ப் பெயர்களையும் நிதானமாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். அதைப் பதிவுசெய்து இயந்திரத்தில் ஓடவிட்டு, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை தேடி அலைந்த நாட்களில், எந்தப் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது என்று அவள் குரலே அவளுக்குச் சொல்லும். “அது சம்பளம் வாங்காத என் தங்கச்சி” என்பாள் கணவனிடம். அவன் மருத்துவமனை உணவகத்தில் சமையல்காரன். “தங்கச்சியாவது பேச்சை முடிச்சுட்டு நிறுத்துறா” என்பான்.

பிறகு கிடைத்ததுதான் விபத்து உதவி நிறுவனத்து வேலை. அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் காரை யாரோ பின்னால் வந்து இடிக்கிறார். தப்பு அவருடையது. உங்கள் வண்டி பட்டறைக்குப் போகிறது. நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது தொலைபேசியில் ஒரு தேன்குரல் வருகிறது: “கவலைப்படாதீங்க சார், உங்க வண்டி தயாராகிற வரைக்கும் நாங்க ஒரு மாற்று வண்டி தர்றோம்.” மாற்று வண்டி என்பது வாடகை வண்டிதான். தெருமுனையில் கேட்கும் வாடகையைப் போல மூன்று மடங்கு. அதை இடித்தவரின் காப்பீட்டு நிறுவனத்திடம் வசூலிப்பார்கள். அவர்கள் கொடுத்துவிட்டால் சரி. ‘இவ்வளவு வாடகை அநியாயம்’ என்று அவர்கள் கைவிரித்தால், பில் உங்கள் வாசலுக்குத் திரும்பி வரும். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளின் அடியில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், அது சொல்லப்பட்டிருக்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஒரு பக்கம் காரில், ஒரு பக்கம் பையில்.

அந்த அலுவலகத்தில் ‘வாடகை’ என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது. ஆனால் ஒரு சொல்லைச் சொல்லியே ஆகவேண்டும் என்று சட்டம் இருந்தது. “இப்போதைக்கு நீங்க எதுவும் கட்ட வேண்டியதில்லை.” இதில் ‘இப்போதைக்கு’ என்பதுதான் அந்தச் சொல். அதைத் தெளிவாகச் சொன்ன பெண்களுக்கு வியாபாரம் நடக்கவில்லை. “இப்போதைக்குன்னா? அப்புறம் கட்டணுமா?” என்று கேட்டுவிட்டு ஆட்கள் போனை வைத்துவிட்டார்கள்.

தேன்குழாயிடம் மட்டும் யாரும் போனை வைக்கவில்லை. அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். யாரும் அவளுக்கு உத்தரவு போடவில்லை. அது அவள் மூளையில் தானாக முளைத்தது. “எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்” என்று சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்துவாள். நொந்துபோயிருக்கும் மனிதர் அப்போது கட்டாயம் “அப்பாடா” என்பார், அல்லது நீண்ட பெருமூச்சு விடுவார். அந்தச் சத்தத்துக்கு அடியில் ‘இப்போதைக்கு’வை வைத்துவிட்டு, அவர் ஓய்ந்ததும், “நீங்க எதுவும் கட்ட வேண்டியதில்லை” என்பதை மணி அடித்தாற்போலச் சொல்வாள்.

குழுத்தலைவி இதைக் கண்டுபிடித்தபோது கண்டிக்கவில்லை. அவளைவிட வயதில் சிறியவள், நுனிநாக்கில் ‘அக்கா’ வைத்திருப்பவள். “அக்கா, இதைப் புதுப் பொண்ணுங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்” என்றாள். தேன்குழாய் மேசை மேசையாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தாள். “ரயில் போற சத்தத்துல தும்முறதில்லையா, அந்த மாதிரிதான். தும்மினது தும்மினதுதான். பக்கத்துல இருக்கிறவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.” பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. காப்பீட்டுக்காரர்கள் எப்படியும் கொடுத்துவிடுவார்கள், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்குத் தெரியாமல் போவது சுலபம்.

ஒரு மதியம், வசூல் பகுதியில் ஆள் குறைவென்று அவளை அங்கே உட்காரவைத்தார்கள். மூன்றாவதோ நான்காவதோ அழைப்பு.

“மேடம், பில்லு வந்திருக்கு. மாற்று வண்டிக்காம். என்னை எதுவும் கட்ட வேணாம்னு சொன்னீங்களே.”

“யார் சொன்னாங்க சார்?”

“நீங்கதான்.”

“இல்லீங்க, வேற யாராவது பேசியிருப்பாங்க.”

“மேடம், நான் தையல் மிஷின் ரிப்பேர் பண்றவன். மிஷினைப் பிரிக்காமலே, ஓடுற சத்தத்தை வெச்சு எந்தப் பல்லு தேஞ்சிருக்குன்னு சொல்லுவேன். உங்க குரல் எனக்குத் தெரியாதா? ‘எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்’னீங்க. வீட்டுக்கு வந்து என் பொண்டாட்டிகிட்ட, பாரு, இன்னும் உலகத்துல நல்லவங்க இருக்காங்கன்னு சொன்னேன்.”

“நான் மேல அனுப்பறேன் சார்.”

“மேலன்னா எங்க? என் காரையே வித்தாலும் இந்த பில்லுக்குக் காணாது மேடம். காரை வித்தா மிஷினை எதுல தூக்கிட்டுப் போறது? தலையிலயா?”

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

அன்று வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டான். வெளியே சமைத்துவிட்டு வந்தாலும் வீட்டிலும் அவன்தான் சமைப்பான். அவள் சமையல்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

“நீ என்ன பண்ணுவ? சொல்லச் சொன்னதைச் சொன்ன. எல்லாம் அவரு நேரம்.”

“நேரம் இல்லீங்க. நான்.”

“ஆமா, கம்பெனியே உன் பேருலதான் நடக்குது! விடு. தேன் குடிக்க வந்த ஈ தேன்லயே விழுந்துச்சுன்னா தேனா பொறுப்பு?”

அவள் சிரிக்கவில்லை. அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். வெங்காயத்தால் அழுதுகொண்டிருந்தது அவன் மட்டும்தான். அவள் கண் காய்ந்து கிடந்தது.

நம் ஆட்கள் எதற்கெடுத்தாலும் ‘நேரம்’ என்பார்கள். நேரத்துக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, பில் அடிக்கத் தெரியாது. அந்த மனிதர் தலையில் வாடகையை ஏற்றியவர்கள் எல்லோருக்கும் மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. விதி என்பது பெரும்பாலும், முகம் காட்ட விரும்பாத மனிதர்கள் போட்டுக்கொள்ளும் முகமூடி.

தையல் மிஷின்காரர் சும்மா இருக்கவில்லை. நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் புகார் கொடுத்தார். நிறுவனம் தேன்குழாயைச் சாட்சிக்கு அழைத்தது. குழுத்தலைவி கைப்பிடித்துச் சொன்னாள்:

“அக்கா, ஒரே கேள்விதான். ‘இப்போதைக்கு’ன்னு சொன்னீங்களான்னு கேப்பாங்க. சொன்னேன்னு சொல்லுங்க. பொய்கூட இல்ல பாருங்க!”

பொய் இல்லைதான். அதனாலேயே அவளுக்கு மறுக்க வழி தெரியவில்லை. பொய் சொல்லச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பாள். இவர்கள் உண்மையைக் கொடுத்து அதை வைத்து ஒருவரின் கழுத்தை அறுக்கச் சொன்னார்கள்.

மன்றம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சுவரோரம் உடைந்த நாற்காலிகளை அடுக்கிவைத்த அறை, ஒரு பக்கம் மட்டும் எரியும் குழல்விளக்கு. தீர்ப்பாளர் அம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதை மேசையெங்கும் தேடிக்கொண்டிருந்தார். மிஷின்காரர் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். நகக்கண்ணில் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது.

நிறுவனத்து வக்கீல் உரையாடல் பதிவைப் போட்டார். அவர்கள் கருவி, பேசுகிற இருவரின் குரலையும் தனித்தனியாகப் பதிவுசெய்யும். வக்கீல் அவள் பக்கத்தை மட்டும் போட்டார். அறை முழுக்கத் தேன் வழிந்தது. “எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்.” சின்ன இடைவெளி. “இப்போதைக்கு… நீங்க எதுவும் கட்ட வேண்டியதில்லை.” அந்தச் சொல் மெதுவாக, ஆனால் ஐயமில்லாமல் கேட்டது.

மிஷின்காரர் தலையைச் சாய்த்தார். “இன்னொரு தடவை போடுங்க சார்.”

போட்டார்கள். அவர் வலது காதில் விரலை விட்டுக் குடைந்தார். மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

“இருக்கு. சொல்லியிருக்காங்க. எனக்குத்தான் கேக்கல.” அவர் யாரையும் பார்க்காமல் பேசினார். “போன வாரம்கூட ஒரு மிஷின்ல என்ன கோளாறுன்னு பிடிபடல. வயசாகுதுல்ல, காது போயிருக்கும்போல.” அவள் பக்கம் திரும்பினார். “மன்னிச்சுக்கம்மா. தப்பு என்மேல. உங்களைப் போன்ல சத்தம் போட்டுட்டேன்.”

திருடியவள் நாற்காலியில் இருக்க, பறிகொடுத்தவர் மன்னிப்புக் கேட்டார். இந்த உலகத்தில் குற்றவுணர்ச்சிகூட ஏழையின் தோள் பார்த்துத்தான் ஏறுகிறது.

தீர்ப்பாளர் அம்மா கேட்டார்: “இது உங்க குரல்தானே? அந்த வார்த்தையைச் சொன்னீங்களா?”

“சொன்னேங்க.”

குழுத்தலைவி மூச்சு விட்டாள். வக்கீல் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

“அவர் காதுல விழக்கூடாதுன்னு சொன்னேன்.”

“என்னது?”

“அவர் காதுல ஒண்ணும் கோளாறு இல்லீங்கம்மா. அவர் பேசினதையும் சேத்துப் போடச் சொல்லுங்க.”

வக்கீல் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். தீர்ப்பாளர் அம்மா கையமர்த்தினார். இரண்டு குரலும் சேர்ந்து ஒலித்தன. “எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்.” உடனே ஒரு பெரிய “அப்பாடா… ரொம்ப நன்றிம்மா!” அது அடங்கியதும், “நீங்க எதுவும் கட்ட வேண்டியதில்லை.” நடுவில் எதுவுமே இல்லை.

“தற்செயலா இப்படி ஆச்சா?”

“இல்லீங்கம்மா. எப்பவும் இப்படித்தான் பண்ணுவேன். மத்த பொண்ணுங்களுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்.” அவள் குரலில் அப்போது தேன் இல்லை.

மிஷின்காரர் பில்லைக் கட்ட வேண்டியதில்லை என்று தீர்ப்பானது. வெளியே நடைபாதையில் குழுத்தலைவி அவளைக் கடந்து போனாள். “நாளைலேர்ந்து நீங்க வர வேணாம் மேடம்” என்றாள். அந்த ‘அக்கா’ அவள் நாக்கிலிருந்து போய்விட்டிருந்தது.

மிஷின்காரர் படிக்கட்டின் கீழே நின்றிருந்தார். அவள் இறங்கிப் போய் எதிரில் நின்றாள்.

“என் காது நல்லாத்தான் இருக்கு” என்றார் அவர், தனக்கே சொல்வதுபோல. பிறகு முகம் மாறியது. “ஏம்மா, என்னை மாதிரி எத்தனை பேரு?”

“தெரியலீங்க. எண்ணல.”

“எண்ணாம இருந்தா நல்லாத் தூக்கம் வரும்.”

“அண்ணா, நான்…”

“அண்ணாங்கிறது வேணாம். இன்னைக்கு உண்மையைச் சொன்னீங்க, சரி. அதுக்கு நான் கும்பிடு போடணும்னு எதிர்பாக்காதீங்க. என் பொண்டாட்டி மூணு மாசமா என் மூஞ்சியப் பாத்துப் பேசல, ஏமாந்த பயன்னு.” அவர் போய்விட்டார். அவர் போனது சரி என்றுதான் அவளுக்குப் பட்டது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். காலைக் கழுவிவிட்டால் மிதித்த செடி நிமிராது.

மற்ற அழைப்புகளின் பதிவுகளையும் இரண்டு குரலையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அவள் அந்த மன்றத்திலேயே கேட்டுப் பார்த்தாள். பாதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராகப் புகார் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். தாங்கள் ஏமாற்றப்பட்டது தெரிந்தால்தானே புகார் கொடுப்பார்கள்? சட்டம் சில நேரம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, உள்ளே வர முடியாதவர்களுக்காகக் காத்திருக்கிறது.

அவளிடம் வாடிக்கையாளர்களின் எண் ஒன்றுகூட இல்லை. தான் பழக்கிய பெண்களின் எண்கள் இருந்தன; அந்தத் தந்திரத்தை விட்டுவிடச் சொல்ல ஒவ்வொருவராக அழைத்தாள். கணவன் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இந்த முறை எந்த வேடிக்கையும் சொல்லவில்லை.

முதல் பெண் எடுக்கவேயில்லை. இரண்டாமவள் எடுத்தாள். “உங்களுக்கு வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரு, நியாயம் பேசறீங்க. எங்க வீட்டு வாடகையை யாரு கட்டுவா? நீங்கதானே வந்து சொல்லிக் குடுத்தீங்க?” என்று வைத்துவிட்டாள்.

மூன்றாவது பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று தேன்குழாய் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

“அக்கா, இனிமே நான் தெளிவாச் சொல்லிடறேன். வேலை போனாப் போகட்டும். ஆனா இதுவரைக்கும் நான் பேசினவங்க? சில பேரு என்னை வாழ்த்தினாங்கக்கா. அவங்களை என்ன பண்றது?”

“எனக்கும் தெரியலம்மா.”

“நீங்கதானே பெரியவங்க.”

“தெரியல. யாராவது ஞாபகம் இருக்காங்களா உனக்கு? பேரு, தொழிலு, எந்தப் பட்டறைன்னு ஏதாவது?”

“ஒரு டீச்சர். அப்புறம் ஒரு அம்மா, மருந்துக் கடையில வேலைன்னாங்க.”

“எந்த மருந்துக் கடைன்னு யோசி. நாளைக்கு நீயும் நானும் நேர்ல போய்ச் சொல்லுவோம்.”

“திட்டுவாங்கக்கா.”

“திட்டட்டும்” என்றாள்.