பித்தளைப் பக்கம்

எங்கள் வீட்டுக்குள் துப்பாக்கி வந்தது ஒரு சனிக்கிழமை காலையில், அப்பாவின் தோளில், பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றப்பட்டு. கதவைத் திறந்துவிட்டவள் நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஏதோ மேசைக்கால் என்றுதான் நினைத்தேன். அப்பா மிச்சம் என்ற இடத்தில் ஒரு பட்டறையில் பழைய தளபாடங்களுக்குப் பொலிஷ் போடும் வேலை செய்தார். நொண்டிக் கதிரையும் உடைந்த மேசை லாச்சியும் எங்கள் வீட்டுக்கு வந்துபோவது வழக்கம். விரிப்பு விலகியதும் குழல் தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் மாடியில் படுத்திருந்த தம்பி எழும்பி அழத் தொடங்கினான்.

அம்மா கத்தவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் திக்கென்கிறது. குசினியிலிருந்து வந்தார், பார்த்தார், முகம் வெளிறிப்போனார். நேரே போய் முன் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். கதவுக்குச் சங்கிலி போட்டார். பிறகுதான் வாய் திறந்தார்.

"ஆர் கண்டது?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இஞ்சேரும், இது லண்டன். பக்கத்து வீட்டுக் கிழவற்றை சாமான். குழலை அடைச்சு, சுடுற ஊசியைக் கழட்டி, அரசாங்கப் பேப்பரும் குடுத்திருக்கு. சுடாது."

"அங்கை ஊரிலையும் பேப்பர் வைச்சிருந்தவைதானே சுட்டவை," என்றார் அம்மா.

அப்பாவின் சிரிப்பு அத்துடன் நின்றது. ஆனால் துப்பாக்கி போகவில்லை.

பக்கத்து வீட்டுக் கிழவர் வாலிபத்தில் கட்டாய ராணுவ சேவை செய்தவர். அப்போது தான் சுமந்த அதே வகைத் துப்பாக்கி ஒன்றை, ராணுவம் கழித்துவிட்ட சாமான்கள் விற்கும் சந்தையில் கண்டு வாங்கியிருந்தார். அது எத்தனையோ வருடம் கிரீஸ் பூசிக் கிடங்கில் கிடந்தது. அந்தக் கிரீஸ் இறுகி மண்ணிறப் பிசினாகிவிட்டிருந்தது. துடைக்க அவருக்கு ஆசை, ஆனால் கை நடுங்கியது. தன் தாயின் ஆடுகதிரையை அப்பா பழுது பார்த்த விதம் அவருக்குப் பிடித்திருந்ததால் இதையும் நம்பித் தந்தார். ஒரே ஒரு நிபந்தனை: புதிதாக்கிவிடக் கூடாது.

அப்பாவுக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தத் தெருவில் அப்பாவின் பெயரை முழுதாகச் சொல்லப் பழகியவர் அந்தக் கிழவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் முதல் மூன்று எழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, மூச்சுப் பிடித்து, பெயரை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் காலை வணக்கம் சொல்வார். அந்த மனிதரின் நம்பிக்கையைக் கெடுத்துவிடக் கூடாதே என்று அப்பாவுக்கு ஒரே தவிப்பு.

பின் வளவுக் கொட்டிலில் வேலை நடந்தது. பழைய பெனியன் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, அழுத்தாமல், குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் துடைப்பார். ஆணி இடுக்குக்குப் பல் துலக்கும் பிரஷ். பிறகு உள்ளங்கையில் இரண்டு சொட்டு ஆளிவிதை எண்ணெய் விட்டு, மரம் சூடேறும்வரை தேய்ப்பார். அப்படியே விட்டுவிட்டு அடுத்த நாள் மறுபடி. பிசினுக்குள்ளிருந்து மரம் வெளியே வந்தது, கறுத்து, வடுவும் பள்ளமுமாக. கை பிடிக்கிற இடம் மட்டும் வழுவழுவென்று இருந்தது. அடிக்கட்டையின் முடிவில், தோளில் முட்டுக்கொடுக்கிற பக்கத்தில், கையகலப் பித்தளைத் தகடு ஒன்று. அது பச்சையும் கறுப்புமாகக் கிடந்தது. அதை ஏன் மினுக்கவில்லை என்று கேட்டேன்.

"ஊத்தையைத்தான் எடுக்க வேணும், பிள்ளை. வயசை எடுக்கப்படாது."

அம்மா அந்தப் பக்கமே வரவில்லை. கொட்டிலைத் தாண்டித்தான் உடுப்புக் காயப்போட வேண்டும் என்பதால், வெயில் எறித்த நாட்களிலும் எங்கள் சட்டைகள் வீட்டுக்குள் ஹீட்டரில் தொங்கின. ஈஸ்ட் ஹாமில் இருந்த பெரியம்மாவிடம் போனில், "வேலியிலை போன ஓணானை எடுத்து மடியிலை விட்டிருக்கிறார்," என்று சொன்னது எனக்குக் கேட்டது.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்தேன். முன்கதவு பூட்டியிருக்கவில்லை. குசினியில் ஆள் இல்லை. பின்கதவால் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஐயோ கடவுளே! அம்மா புல்லில் காலை நீட்டி இருக்கிறார். மடியில் துப்பாக்கி. பக்கத்தில் வெள்ளிக்கிழமைக் குத்துவிளக்கு விளக்குகிற சட்டி, அதில் கரைத்த புளி. கையில் இரும்புப் பஞ்சு. அடிப்பிடித்த சோற்றுப் பானையைத் தேய்ப்பதுபோல், பல்லைக் கடித்துக்கொண்டு, தேய் தேய் என்று தேய்க்கிறார். பித்தளை பொன்னாக மினுங்கியது. அதையடுத்த மரத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு முழுவதும் உரிந்து, வெளிறிப்போய்க் கிடந்தது.

"உடுப்பை மாத்திப்போட்டு வா. பாணும் சம்பலும் மேசையிலை இருக்கு," என்றார், தலை நிமிராமல்.

எனக்குப் பாணும் வேண்டாம், சம்பலும் வேண்டாம் என்றிருந்தது. அப்பா வந்தால் வீடு இரண்டாகும் என்ற பயத்தில் படியிலேயே குந்திவிட்டேன்.

அப்பா வந்தார். பார்த்தார். பேயறைந்தவர்போல் நின்றார்.

"என்னப்பா இது? என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்? அந்த மனிசன்ரை முகத்திலை நான் இனி எப்பிடி முழிக்கிறது?"

"ஊத்தையை எடுக்கச் சொல்லித்தானே தந்தது."

"அது ஊத்தை இல்லையப்பா! கை பட்டுப் பட்டுக் கறுத்தது."

"ஆற்றை கை?"

 அம்மா பித்தளைப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, சேலைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்தார்.

"ஐயாவை ஆமிக்காரங்கள் சுடேல்லை. இந்தப் பக்கத்தாலைதான் இடிச்சவங்கள். நான் கதவடியிலை நிண்டனான். முடியேக்கை இதிலை பித்தளை தெரியேல்லை, எல்லாம் சிவப்பாக் கிடந்தது."

"சூடு பட்டது எண்டெல்லோ மாமி சொன்னவ?" அப்பாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது.

"சூடு எண்டு சொன்னால் ஒருத்தரும் மேலை கேக்கமாட்டினம்."

அம்மாவின் ஐயாவை, என் தாத்தாவை, எனக்குச் சுவரிலிருந்த படமாக மட்டும்தான் தெரியும். ஊரில் நடந்த பிரச்சினைக்குள் செத்தவர் என்று சொல்வார்கள். எங்கள் ஆட்களின் வீடுகளில் அப்படி ஒரு படமாவது இருக்கும், அந்த ஒரு வசனத்துக்கு மேல் யாரும் கேட்பதில்லை. துப்பாக்கி முன்பக்கத்தால்தான் ஆளைக் கொல்லும் என்பது ஒன்பது வயதில் எனக்கு உறுதியாகத் தெரியும். பின்பக்கம் தோளில் வைப்பதற்கு. பாவம், அம்மா எதையோ குழப்பிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். அப்பா ஏன் ஈரப் புல்லில், வேலைக் காற்சட்டையோடு அப்படியே இருந்துவிட்டார் என்றும் விளங்கவில்லை. ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். 

ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுக்கப் போனோம். விரிப்பை மடித்து நான் கொண்டுபோனேன். கிழவர் ஆசையோடு வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.  நடுங்கும் பெருவிரலால் அந்த வெளிறிய மரத்தைத் தடவினார். யார் செய்தது என்று கேட்டார். அம்மா என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அப்பாவின் கை என் தோளை இறுக்கியது.

தானே செய்ததாக அப்பா சொன்னார். தவறான பஞ்சை எடுத்துவிட்டாராம், கை பிசகிவிட்டதாம். என் அப்பாவா! ஒரு கதிரைக் காலில் தேய்க்கிற மண்கடதாசி படவிடாத மனிதரா!  கிழவரும் நம்பாமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்: அந்தக் கறுப்பு தன்னைப்போன்ற பெடியங்களின் கை, தான் காசு கொடுத்து வாங்கியது அதைத்தான், இரும்பை அல்ல. நன்றி என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஏசியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அதற்குப் பிறகு வேலிக்கு மேலால் காலை வணக்கம் மட்டும் வந்தது, பெயர் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"என்னவாம்?"

"நல்லா மினுங்குதாம்," என்றார் அப்பா. "மனிசனுக்குச் சரியான சந்தோசம்."

 ஒரு சின்னப் பொய்க்கு என்னை ஒரு கிழமை டிவி பார்க்கவிடாத மனிதர், அரை மணி நேரத்துக்குள் இரண்டு வீட்டில் இரண்டு பொய் சொல்கிறார்! நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் அது தானாக மூடிக்கொண்டது. அம்மா "ம்ம்" என்றார். அகப்பையை வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார்.

அப்பா அம்மாவுக்கு இவ்வளவு பயந்தவர் என்று அன்றைக்குத்தான் நான் கண்டுபிடித்தேன்.