ஆய்வுக்கூடம் வேண்டாமென்று சொன்னேன்

இன்று டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு அறக்கட்டளையின் கூட்டம். எங்கள் பல்கலைக்கழகம் வணிகத்துக்கும் தரவுப் பகுப்பாய்வுக்கும் கட்டப்போகும் புதிய வளாகத்துக்கு நிதி கேட்க, நானும் என்னோடு படிப்பிக்கும் கிர்ஸ்டனும் போயிருந்தோம்.

கட்டடத்துக்குச் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் உள்ளே கணினி ஆய்வுக்கூடம் அமைக்க எங்களிடம் காசில்லை. அது இல்லாவிட்டால் தரவுப் பகுப்பாய்வைப் பலகையில் எழுதித்தான் படிப்பிக்கவேண்டும்.

அதைக் கேட்க எங்களுக்குத் துணிவு வருமுன், அறக்கட்டளைத் தலைவர் தானாகவே கேட்டார்: "ஆய்வுக்கூடச் செலவையும் நாங்களே ஏற்றுக்கொள்ளட்டுமா?"

"இல்லை, பரவாயில்லை. தந்ததே பெரிய காரியம்" என்றேன், சிரித்த முகத்தோடு.

யார் வீட்டில் தேத்தண்ணி தந்தாலும் முதலில் சொல்வது அதுதானே. அவர்கள் வற்புறுத்துவார்கள், பிறகு குடிப்போம்.

தலைவர் வற்புறுத்தவில்லை. தாளைத் திருப்பி அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார். கிர்ஸ்டன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கடைசியில் கையை உயர்த்தினேன்.

"மன்னிக்கவேண்டும். தமிழர் நாங்கள் முதல் தரம் வேண்டாமென்றுதான் சொல்வோம். தயவுசெய்து இன்னொரு தரம் கேளுங்கள்."

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அதே கேள்வியைக் கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் கிர்ஸ்டன் "ஆமாம், நன்றி" என்றுவிட்டாள்.

வெளியே வந்ததும் ஹேர்னிங்கில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரெண்டாந்தரமே ஓமெண்டு சொல்லிட்டாளோ? அவையள் எங்களைப் பற்றி என்ன நினைச்சிருப்பினம், பிள்ளை?"

உங்கள் வீட்டில் எத்தனையாவது தரம் ஓமென்பீர்கள்?